மீனுக்கு முன்னால் தண்ணீர்: தோட்டக் குளம் வெட்டியவர்களின் அனுபவங்கள்

வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மீனை எப்போது விடப் போகிறீர்கள்? என் குளத்தில் இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டேன். இருபது தங்கமீன்களில் பத்தொன்பது செத்துப்போயின. இன்னொருவர் தோட்டத்தில் அது நடக்கக் கூடாது என்றுதான் முழுவதையும் எழுதுகிறேன்.

குளம் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். செடித் தொட்டி வைக்க விட்ட படிகளைக் கழித்தால் சுமார் 1400 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கல்லையும் வேரையும் பொறுக்கி எடுத்து, அடியில் மணல் பரப்பி, பழைய கம்பளத்தைப் போட்டு, அதன் மேல் ரப்பர் லைனரை விரித்தோம். வேலையில் குறை இல்லை. சனிக்கிழமை குழாய்த் தண்ணீர் நிரப்பி, குளோரின் நீக்கும் மருந்து கலந்து, திங்கட்கிழமை மீனை விட்டாயிற்று. ஒவ்வொன்றும் விரல் நீளம். பிள்ளைகள் மூன்று வேளையும் தீனி போட்டார்கள். மீன்கள் கைக்கே வந்து வாங்கிக்கொண்டதால் யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை.

இரண்டாவது வாரம் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி ஆனது. பதினாறாம் நாள் காலை போய்ப் பார்த்தபோது பாதி மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் பம்ப் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்றது. அதன் செவுள் மூடி வேகமாக ஏறி இறங்கியது. மூடி விலகும்போதெல்லாம் உள்ளே செவுள் சிவந்து வீங்கியிருப்பது தெரிந்தது. டெஸ்ட் கிட் வாங்கி வந்து அம்மோனியா பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய குப்பித் தண்ணீர் ஐந்தே நிமிடத்தில் கரும்பச்சையானது. நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது. பம்ப் பக்கம் நின்ற அந்த ஒன்றை மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றி, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றினேன்.

என்ன நடந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. மீனின் கழிவிலிருந்தும், அது செவுள் வழியாக விடுவதிலிருந்தும், மிஞ்சிய தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, செடிகள் அதை உணவாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் லைனரிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். என் குளத்தில் அவை வருவதற்கு முன்பே இருபது மீன் வந்துவிட்டது. தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை அதிகமாகவும் இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். என் குளத்தில் இரண்டுமே இருந்தன.

இரண்டாவது முறை ஏழு வாரம் மீனே இல்லாமல் குளத்தை ஓடவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் தூவினேன். அது மட்கி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. முதலில் அம்மோனியா ஏறியது. மூன்றாவது வாரம் அது இறங்க ஆரம்பித்தபோது நைட்ரைட் ஏறியது. ஆறாவது வாரம் இரண்டும் பூஜ்யம். இன்னும் ஒரு வாரம் பொறுத்து, உறுதியான பிறகு, தொட்டியில் இருந்தவனோடு இரண்டு பேரைச் சேர்த்து மூன்று மீன் விட்டேன். ஒரு மாதம் கழித்து இன்னும் மூன்று. அத்தோடு சரி. தங்கமீன் குளத்தில் ஓரடி வரை வளரக்கூடியது, ஆறுக்கு மேல் இந்தத் தண்ணீர் தாங்காது என்றே நினைக்கிறேன்.

மீன் இல்லாத ஏழு வாரமும் கொசு பெருகாதா என்று கேட்பீர்கள். பெருகும், வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். பம்ப்பை நிறுத்தாமல் ஓடவிட்டு மேற்பரப்பை அசைத்துக்கொண்டே இருந்தேன். அதற்கும் தப்பிய புழுக்களுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் போட்டேன். அது கொசுப்புழுவைக் கொல்லும், பின்னால் வரும் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

* * *

பத்தொன்பது மீன் செத்ததைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் நீங்கள் இதை இவ்வளவு விவரமாக எழுதியது நல்லது. எனக்கு நடந்தது வேறு மாதிரி. சிமெண்ட் தொட்டி கட்டினேன். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும், தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு தாறுமாறாக ஏறும் என்பது தெரியாது. நல்லவேளையாக மீன் விடுவதற்கு முன்பே ஒருவர் சோதிக்கச் சொன்னார். 10-ஐத் தாண்டியிருந்தது. நிரப்பி, சில நாள் வைத்து, இறைத்து, மறுபடி நிரப்பி என்று நான்கு முறை செய்தபின்தான் ஏற்கத்தக்க அளவுக்கு வந்தது. சிமெண்டில் கட்டுபவர்கள் உள்பக்கம் குளத்துக்கென்றே விற்கும் பூச்சு அடித்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று, இடம். மரத்தடியில் வெட்டாதீர்கள். நிழல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உதிரும் இலை அடியில் சேறாகி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், வேரும் லைனரைத் துளைக்கும். தோட்டத்தின் தாழ்வான மூலையும் வேண்டாம். மழை பெய்தால் பாத்தியில் போட்ட உரமும் மருந்தும் நேரே குளத்துக்குள் வந்துவிடும்.

* * *

எனக்கு வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்கிறேன். குளம் அமைத்த இரண்டாவது ஆண்டு. எட்டு மீன் இருந்தது ஏழானது, ஆறானது. பூனை என்று நினைத்தேன். ஒருநாள் விடியும் முன் எழுந்து சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாம்பல் நிற நாரை ஒன்று செடிகளுக்காக நான் விட்ட படியில் இறங்கி நின்றது. தண்ணீர் அதன் முழங்காலுக்குக் கீழே. கழுத்தை மடித்து வைத்துக்கொண்டு, நான் பார்த்த வரையில் பத்து நிமிடம் ஒரு இறகுகூட அசையவில்லை. பிறகு கழுத்து நீண்டதை நான் பார்க்கவே இல்லை, அலகில் மீன் துடிப்பதைத்தான் பார்த்தேன். அதைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பறந்தது.

அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தவறு குளத்தின் அமைப்பில் இருந்தது. நாரை பறந்துகொண்டே மீன் பிடிப்பதில்லை, நடந்து இறங்கிப் பிடிக்கும். அதற்கு நானே படி கட்டிக் கொடுத்திருக்கிறேன்! அடுத்த கோடையில் குளத்தைத் திருத்தினேன். மூன்று பக்கம் செங்குத்தாக இறங்கும்படியும், நடுவில் ஆழம் 90 சென்டிமீட்டர் இருக்கும்படியும் வெட்டினேன். படியை ஒரே பக்கம் வைத்து அங்கே கோரையும் வசம்பும் நெருக்கமாக நட்டேன். அடியில் அகலமான மண் குழாய் இரண்டைப் படுக்கவைத்தேன். நிழல் தெரிந்தால் மீன்கள் அதற்குள் போய்விடும். விளிம்பைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறேன். நாரை இப்போதும் வருகிறது. சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

மீன்கொத்திக்கு இது எதுவும் பலிக்காது. குளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையை வெட்டினேன். உட்கார இடம் இல்லாததால் வரவு குறைந்தது. தப்பித்த மீன்களைக் காப்பது அல்லி இலைதான்.

* * *

அல்லி என்றதும் நான் பேசாமல் இருக்க முடியாது. செடிகளை அலங்காரமாக நினைத்துக் கடைசியில் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் செடிதான் முதலில் போக வேண்டும். மேலே சொன்ன ஏழு வாரக் காத்திருப்பில் செடிகள் வேர் பிடித்துவிட்டால் பிற்பாடு பாதி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

அல்லிக்கு நேரடி வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். தொட்டியில் எடை குறைந்த நர்சரி கலவையைப் போடாதீர்கள், தண்ணீரில் மிதந்து கலங்கிவிடும். கனமான தோட்ட மண், மேலே இரண்டு விரல் கடைக்கு ஜல்லி. நட்டவுடன் ஆழத்தில் இறக்கக் கூடாது. செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்து, இலை மேற்பரப்பைத் தொட்டதும் ஒரு செங்கல்லை எடுங்கள். தண்டு நீள நீள ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வரலாம். என்னுடையது தரையைத் தொட ஒன்றரை மாதம் ஆனது.

முதல் ஆண்டு குளம் பட்டாணிச் சாறு மாதிரி பச்சையாக இருந்தது. மருந்து எதுவும் போடவில்லை. வேலம்பாசியை அடியில் விட்டு, அல்லி இலை பரப்பில் பாதிக்கு மேல் மூடும் வரை விட்டேன். வெளிச்சமும் நைட்ரேட்டும் கிடைக்காமல் பச்சை தானாக வடிந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்த நாளில் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆகாயத்தாமரையை மட்டும் யாரும் இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள். நல்ல பருவத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், பல நாடுகளில் வளர்க்கவே தடை இருக்கிறது. அள்ளியதை வாய்க்காலில் கொட்டாமல் உரக்குழியில் போடுங்கள். அதே மாதிரி வேண்டாத மீனையும் ஏரியில் விடாதீர்கள்.

நான் இங்கே எழுத வந்த காரணம் ஒரு தட்டான். அதிகாலையில் தொட்டி அருகே உட்கார்ந்திருந்தேன். தண்ணீரிலிருந்து அழுக்கு நிறத்தில் ஒரு பூச்சி கோரைத் தண்டில் ஏறி வந்தது. ஒரு சாண் ஏறி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் முதுகு பிளந்தது. உள்ளேயிருந்து வெளிறிய தலை, பிறகு மார்பு. பாதி உடல் வெளியே வந்ததும் தலைகீழாகத் தொங்கியபடி அசையாமல் இருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். கால்கள் உறுதிப்பட்டதும் சட்டென்று எழும்பித் தன் பழைய ஓட்டையே பிடித்துக்கொண்டு வாலை உருவியது. கசங்கிய காகிதம் மாதிரி இருந்த சிறகுகள் என் கண் முன்னால் விரிந்து கண்ணாடி ஆயின. வெயில் ஏறும்போது பறந்துவிட்டது. ஓடு இன்னும் அந்தத் தண்டிலேயே இருக்கிறது. அந்தப் பூச்சி தண்ணீருக்குள் இருந்த காலம் முழுக்கக் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்தது. மீன் குஞ்சையும் தின்னும்தான். இருக்கட்டும்.

* * *

ஒரு சந்தேகம். நான் நினைத்திருப்பது 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 75 சென்டிமீட்டர். லைனர் எவ்வளவு வாங்க வேண்டும்? படிகள் வைத்தால் கூடுதலாக வேண்டுமா?

* * *

முதலில் எழுதியவன்தான். நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டுங்கள், இரு பக்கமும் விளிம்புக்கு 30 சென்டிமீட்டர் வீதம் சேருங்கள். 3 + 1.5 + 0.6, ஆக 5.1 மீட்டர். அகலத்துக்கு 2 + 1.5 + 0.6, ஆக 4.1 மீட்டர். படி வைத்தாலும் இதே கணக்குத்தான். படி படுக்கையில் எடுத்துக்கொள்வதைக் குழியின் அடி விட்டுக்கொடுக்கிறது. வெட்டும்போதே விளிம்பு முழுவதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தாலும் எதிர்ப்பக்கம் கறுப்பு ரப்பர் பட்டையாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செடி நிறைய வைத்தவர்கள் இரவில் பம்ப்பை நிறுத்தாதீர்கள். பகலில் ஆக்சிஜன் தரும் அதே செடியும் பாசியும் இருட்டில் அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிடித்துவைக்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். புழுக்கமான இரவுகளில் நான் ஏர் பம்ப்பையும் சேர்த்துப் போடுகிறேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் பிழிந்தால் போதும்.

* * *

நான் இருப்பது குளிர் நாடு. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் தீனியை நிறுத்திவிடுவேன், அந்தக் குளிரில் மீனுக்கு ஜீரணமாகாது. மேலே பனிக்கட்டி மூடினால் சுத்தியலால் உடைக்காதீர்கள், அதிர்ச்சி தண்ணீர் வழியாக மீனைத் தாக்கும். சுடுதண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்தால் வட்டமாக உருகி வழி விடும். கெட்ட வாயு வெளியேற அந்த ஓட்டை வேண்டும்.

* * *

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு எங்களுடையது. ஒரு சாண் தண்ணீர்கூடக் குழந்தைக்கு ஆபத்து என்பதால் குளமே வேண்டாம் என்று என் மனைவி சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஒரு ஆண்டு தள்ளிப்போட்டோம். பிறகு பெரியவர் ஒருவர் ஏறி நின்றாலும் தாங்கும் கம்பிச் சட்டத்தைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பொருத்தி, அதன் பிறகே தண்ணீர் விட்டோம். வேலியும் உண்டு, கதவுக்குத் தானாக மூடும் தாழ் உண்டு. பம்ப் மின் இணைப்பில் கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்சும் போட்டிருக்கிறோம். இவ்வளவும் இருந்தும் மகள் தனியாக அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. மாலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து போய் மீனை எண்ணுகிறோம். கம்பிகளுக்கு நடுவே அல்லியின் முதல் மொட்டு நேற்று வெளியே வந்திருக்கிறது.