மடக்காத நாலாவது விரல்

ரமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் ராக் இசைக்குழுவில் இருந்த டீ டீ ரமோனின் கல்லறைக்குப் போனதை ஒருவர் எழுதியிருந்தார். என் பங்குக்கு இது.

2013 நவம்பரில் ஆபீஸ் வேலையாக நியூஜெர்சியில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை ரயில் பிடித்து மன்ஹாட்டன் போய், பவரி சாலையில், அதே குழுவின் பாடகர் ஜோயியின் பெயரில் வைத்த ‘ஜோயி ரமோன் பிளேஸ்’ என்ற தெருப்பலகையைத் தேடினேன். கண்ணிலேயே படவில்லை. கடைசியில் பார்த்தால், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருக்கிறது. ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டு போனதால் மேலே ஏற்றிவிட்டார்களாம்.

சொன்னது அங்கே காபியோடு நின்றிருந்த ஒரு பெரியவர். எழுபதுகளில் பக்கத்திலிருந்த சிபிஜிபி கிளப்பில் ரமோன்ஸ் வாசித்ததை நேரில் கேட்டவர். (நான் போனபோது அந்த இடம் துணிக்கடை. உள்ளே போய் ஒரு ஜாக்கெட்டின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.)

“எல்லாரும் அண்ணன் தம்பிகளா?” என்று கேட்டு அசடு வழிந்தேன். ரமோன் என்பது சேர்ந்து வைத்துக்கொண்ட மேடைப் பெயராம், சொந்தமே கிடையாது. சரி என்று அடுத்த அசட்டுக் கேள்வியையும் கேட்டேன்: “போதையில்தானே போனார்கள்?”

காபியைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கினார். ஜோயி, 2001, நிணநீர்ப் புற்றுநோய், ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் பாக்கி. டீ டீ, 2002, ஹெராயின், 50 வயது. ஜானி, 2004, புராஸ்டேட் புற்றுநோய், 55. நாலாவது விரலை மடக்கவில்லை. குழுவைத் தொடங்கிய நால்வரில் டாமி மட்டும் அப்போது உயிரோடு இருந்தார்.

மூன்றில் ஒன்றுதான் போதை. இங்கிலாந்தின் ‘தி கிளாஷ்’ பங்க் குழுப் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் 50 வயதில் போனார், அது பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறு. ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ பங்க் குழுவின் சிட் விஷஸ் 21 வயதில் ஹெராயினில் செத்தாலும் செத்தார், நம் ஆட்கள் பங்க் பாடகர்கள் எல்லாரையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

ஜோயிக்கும் ஜானிக்கும் பல வருடம் பேச்சே இல்லை. ஜோயியின் காதலியை ஜானி கட்டிக்கொண்ட விவகாரம். ஆனாலும் ஒரே மேடையில் நின்றார்கள். குழு கலைந்த 1996 வரை மொத்தம் 2,263 கச்சேரிகள். ஜோயி சாகக் கிடந்தபோதும் ஜானி போய்ப் பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஜூலையில் சென்னையில் மதியச் சாப்பாட்டு நேரம், போனில் செய்தி வந்தது. டாமி, 65 வயது, பித்தநாளப் புற்றுநோய். பெரியவரிடம் ஒரு வார்த்தை பேசலாம் போலிருந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.