அணிய உருளையா, நங்கூரக் கப்பியா?

சென்னை:
குழுவினருக்கு வணக்கம். பாய்மர உல்லாசப் படகுக்கான பொருத்துகைக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பவ் ரோலர்' என்ற உறுப்பில் மாட்டிக்கொண்டேன். படகின் முன்முனையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு வாய், அதன் நடுவே ஒரு நைலான் உருளை. நங்கூரமும் சங்கிலியும் அதன்மேல்தான் போய்வரும். படகின் முன்பக்கம் அணியம் என்பதால் 'அணிய உருளை' என்று எழுதினேன். பக்கத்து மேசைக்காரர், "எங்கே அணிவது, கழுத்திலா?" என்கிறார்.

கோவை:
திண்டாட்டமே வேண்டாம். மரம் + அடி மரவடி ஆவதுபோல அணியம் + உருளை 'அணியவுருளை'. அதைவிட 'உருள்' போதும். 'உருள்பெருந்தேர்' வள்ளுவர் வாக்கு. அதே குறளில் அச்சாணியும் கிடைக்கிறது, உருளையின் அச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். நங்கூரம் பாரசீகச் சொல் என்று சொல்கிறார்களே, அதையும் நான் ஏற்பதில்லை. சேற்றுக்குள் புகும் நாங்கூழ் (மண்புழு) இருக்கிறதே, அந்த வேர்தான்.

மதுரை:
ஐயா, அங்கே 'உருள்' வினைத்தொகை. பெயர்ச்சொல்லுக்கு அது எப்படிச் சான்றாகும்? அச்சாணி வேறு, அச்சு வேறு. நங்கூரத்துக்குப் பாரசீக 'லங்கர்' கண்ணெதிரே நிற்கும்போது மண்புழுவைத் தோண்டுவானேன்? இன்னொரு சிக்கல்: தனித்தமிழ் எழுதுவோர் 'தயார்' என்பதற்கும் 'அணியம்' என்றே எழுதுகிறார்கள்.

நாகை:
தனித்தமிழ்க்காரர்கள் எப்படி எழுதினாலும் சரி, கரையில் அணியம் என்றால் படகின் முன்பக்கம்தான். எங்கள் ஃபைபர் படகில் இந்தச் சாமானே கிடையாது. நங்கூரத்தைக் கையால் தூக்கிப் போடுவோம், கயிறு விளிம்பில் உரசிக்கொண்டே போகும். என் ஓட்டு 'நங்கூரக் கப்பி'க்கு. கிணற்றுக் கப்பியில் கயிறு பள்ளத்தை விட்டு எகிறி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய் இறுகிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே தொல்லைதான். உருளைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் சங்கிலி நுழைய முடியாத அளவுக்கு இடைவெளியைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது கதை. கப்பி என்று எழுதிவிட்டால், எதைக் கவனிக்க வேண்டும் என்று பொருத்துகிறவருக்குச் சொல்லாமலே தெரியும்.

யாழ்ப்பாணம்:
எங்கட கரையிலும் முன்பக்கம் அணியம், பின்பக்கம் கடையார். அதில் பிரச்சினை இல்லை. ஆனால் கப்பி என்றால் பாரம் தூக்குவது என்ற எண்ணம் வரும். தூக்குவது பின்னால் இருக்கிற வின்ச், அதாவது சங்கிலியை இழுக்கிற பொறி. இந்த உருளை வழிதான் விடுகிறது. ஓட்டத்தின்போது நங்கூரம் படுத்துக் கிடப்பதும் இதன் மேல்தான். எந்தக் கப்பியில் வாளி படுத்துக் கிடக்கிறது?

சென்னை:
சொல்லைத் தனியாக நிறுத்திச் சண்டை போடுவதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். கையேட்டின் பகுதி இது: "உருளை போதிய அளவு வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லையேல் நங்கூரத்தின் முனை படகின் உடலில் இடிக்கும். உருளையும் வின்ச்சின் சங்கிலிச் சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். மேல்தளத்துக்கு அடியில் தாங்குதகடு வைத்து போல்ட்டை முடுக்கவும். நங்கூரத்தின் எடை உருளைக்கு முன்புறமாகச் சாய்ந்திருந்தால், பூட்டு ஊசியை உருவிச் சங்கிலியைத் தளர்த்தியதும் அது தானாக இறங்கும்." இதில் கப்பி என்று மாற்றிப் படித்தால் எனக்கு ஏற்றம்தான் தெரிகிறது, இறக்கம் தெரியவில்லை. 'நங்கூர உருளை' என்றாலோ சங்கிலிச் சக்கரத்தோடு குழம்பும். அத்துச் சாரியை போட்டு 'அணியத்து உருளை' என்று முதல் இடத்தில் எழுதி, பிறகு வெறும் 'உருளை' என்று விடலாமா?

மதுரை:
சரி. அணிகலன் தொல்லை ஒழிந்தது.

யாழ்ப்பாணம்:
எனக்கும் சரி. பக்கத்தில் ஒரு படம் போடுங்கள்.

கோவை:
சாரியைக்கு மறுப்பில்லை. ஆனால் நங்கூரத்தை அப்படியே விடுவது அநியாயம். நாங்கூழ் பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

மதுரை:
ஐயா, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுங்கள்.

நாகை:
நீங்கள் என்ன போட்டாலும் நான் கப்பி என்றுதான் படிப்பேன். அது கிடக்கட்டும், அனுப்பிய கோப்பில் 'நங்கூரத்தைச் செலுத்துக' என்று இருக்கிறதே, அது என்ன ஊசி மருந்தா? 'நங்கூரம் பாய்ச்சுக' என்றாவது 'போடுக' என்றாவது மாற்றுங்கள்.