பழைய டேபிள் சா வாங்கலாமா? மாமரப் பலகை அறுக்கத்தான்

தென்பெண்ணைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காவேரிப்பட்டினம் பக்கம், வேலை ஓசூரில், ஷிஃப்ட் முறை. மரவேலை பொழுதுபோக்குதான், மூன்று வருஷமாகச் செய்கிறேன். கை ரம்பம், இழைப்புளி, டிரில், ஒரு ஜிக்சா, இவ்வளவுதான் கருவி. இதுவரை இரண்டு முக்காலி, ஒரு புத்தக அலமாரி, அம்மாவின் அரிவாள்மணைக்குப் புது அடிக்கட்டை.

நீளவாக்கில் அறுப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. நாலு அடிப் பலகையை அறுத்து முடிக்க அரை நாள் போய்விடுகிறது, கடைசி ஒரு அடியில் கோட்டை விட்டும் விலகிவிடுகிறது.

ஓசூரில் ஒருவர் 10 அங்குல டேபிள் சா (மேடை நடுவே வட்ட பிளேடு சுற்றும் மின் ரம்பம்) விற்கிறார். இன்டீரியர் வேலை எடுத்துச் செய்தவர், இப்போது வேறு தொழிலுக்குப் போகிறார். 1800 வாட், அலுமினிய மேடை, மடக்குக் கால். 16,000 சொல்கிறார், 14க்கு இறங்குவார் என்று தோன்றுகிறது. ஃபோட்டோவில் பிளேடுக்கு மேல் வரும் மூடி இல்லை, பின்னால் நிற்கும் தகடும் இல்லை. கேட்டால், "அது இல்லாமலேதான் நாலு வருஷம் ஓட்டினேன்" என்கிறார்.

போன சித்திரையில் கோடை மழைக் காற்றுக்குத் தோட்டத்தில் ஒரு பெங்களூரா மாமரம் சாய்ந்துவிட்டது. தாத்தா வைத்த மரம். அடிமரத்தை விறகுக்கு விட மனசு வராமல் நிழலில் உருட்டிப் போட்டிருக்கிறேன். அதில் ஊஞ்சல் பலகையும் சாப்பாட்டு மேசையும் செய்ய வேண்டும். அதை நம்பித்தான் இந்த மிஷின் ஆசை. வாங்கலாமா?

பாலக்கோடு மரப்பித்தன்

விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் அந்தத் தகடு. அதற்கு ரிவிங் நைஃப் என்று பெயர். மூடியைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

காரணம் சொல்கிறேன். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேடையோடு அழுத்தி அறுக்கும், பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி வரும். அறுபட்ட இரண்டு பாதியும் சேர்ந்து பிளேடைக் கவ்விக்கொண்டாலோ, பலகை கொஞ்சம் திரும்பிப் பின்பற்களில் பட்டாலோ, அந்தப் பற்கள் மரத்தைத் தூக்கி நம் பக்கமாகவே வீசும். கிக்பேக் என்பது இதுதான். 10 அங்குல பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், நிமிஷத்துக்கு 4,000 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் வரும் கட்டையைப் பிடிக்கவோ விலகவோ யாராலும் முடியாது. அறுத்த இடைவெளிக்குள் நின்று, மரம் மூடாமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகட்டின் வேலை. பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும். தகடு பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும், அதனால் வேறு மிஷினின் தகட்டை எடுத்து மாட்டினால் சரிவராது.

போய்ப் பார்க்கும்போது, பிளேடுக்குப் பின்னால் அதை மாட்டும் கிளாம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாம்ப் இருந்தால் அதே மாடலுக்குத் தகடு தனியாக வாங்கிப் போடலாம். கிளாம்பே இல்லையென்றால் பத்தாயிரத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பர்கூர் பட்டறை

தம்பி, எனக்கு இதுதான் பிழைப்பு, 22 வருஷம். மேலே சொன்னவர் சொன்னது சத்தியமான பேச்சு. நானும் அந்தத் தகடு இல்லாத மிஷினில்தான் வேலை பார்த்தேன், ஊரில் வெல்டிங் வைத்துச் செய்த இரும்பு மேடை, அடியில் மோட்டார், பெல்ட். ஒரு நாள் மாங்கட்டையில் ரீப்பர் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் போனதும் சத்தம் மாறியது, அடைத்த மாதிரி. நிறுத்தலாம் என்று நினைப்பதற்குள் கட்டை வந்து வயிற்றில் அடித்துவிட்டது. வயிற்று வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் கட்டை பறந்த நொடியில், அதைத் தள்ளிக்கொண்டிருந்த இடது கை பிளேடு மேல் போய் விழுந்தது. மோதிர விரலின் முதல் கணு இப்போது இல்லை. இன்றைக்கும் சின்ன ஆணியை எடுத்துப் பிடிக்க அந்தக் கையால் முடியாது.

மா மரம் பற்றி ஒரு விஷயம். தோட்டத்து மாமரம் நேராக வளராது, தாழக் கிளை பிரிந்து ஒரு பக்கம் சாய்ந்து கனம் தாங்கி நிற்கும். அந்த இழுவிசை மரத்துக்குள்ளேயே இருக்கும். அறுக்கும்போதுதான் அது வெளியே வரும், சில பலகை விரியும், சில பலகை கண் முன்னாலேயே மூடும். நாரும் பல இடத்தில் மாறி மாறி ஓடும். காயாத மரம் என்றால் இன்னும் மோசம். உங்கள் மரத்துக்குத் தகடு இல்லாத மிஷினைக் கொண்டுவருவது ரொம்பத் தப்பு.

இன்னொன்று, உருண்டையாகக் கிடக்கும் அடிமரத்தை டேபிள் சாவில் அறுக்கவே கூடாது. உருளும். 10 அங்குல பிளேடு முழுசாக ஏற்றினாலும் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வெளியே தெரியும். அதற்குச் சா மில்தான், அங்கே பட்டை மாதிரி நீள பிளேடு சுற்றும் பேண்ட் சா ஓடும், அது மரத்தைக் கீழே மேடையோடு அழுத்தி அறுப்பதால் திருப்பி அடிக்காது. ஒன்றரை அங்குலத்துக்குப் பலகையாக அறுத்து வாங்கி, முதலில் காய வையுங்கள். மிஷின் எங்கேயும் ஓடிப்போகாது.

ஓசூர் மோட்டார்

பார்க்கப் போவதாக இருந்தால் மூலைமட்டம் ஒன்றும், எட்டாத பக்கம் பார்க்க டார்ச்சும் எடுத்துப் போங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது மேடையின் காடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய்த் திரும்ப அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருந்தால் பலகை பின்பற்களில் உரசும், அதுவும் கிக்பேக்கில்தான் முடியும். பலகையை ஒட்டித் தள்ளும் நீளச் சட்டமான கைடுக்கும் இதே பரிசோதனை. பிளேடைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருப்பது தெரியும்.

அப்புறம் ஓட விட்டு, மோட்டாரின் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். சின்ன நீலப்பொறி சகஜம், வளையமாகச் சுற்றி நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) போய்க்கொண்டிருக்கிறது. கார்பன் பிரஷ் தேய்ந்தது என்றால் பரவாயில்லை, மலிவான சாமான்.

வீட்டில் 1800 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர், கிளம்பும்போது அதைவிட ரொம்பக் கூடும். 16 ஆம்பியர் பிளக், எர்த், 2.5 ஸ்கொயர் வயர் வேண்டும். தோட்டத்து ஷெட்டுக்கு மெல்லிய வயரில் இழுத்தீர்கள் என்றால் வோல்டேஜ் இறங்கி, பாதிப் பலகையில் மோட்டார் திணறும்.

அரூர் இழைப்புளி

கை ரம்பத்தைப் பற்றிக் கேட்கிறேன், அது எந்தப் பல்? கடையில் சாதாரணமாகக் கிடைப்பது குறுக்கே அறுக்கும் பல், கத்தி முனை மாதிரி. நீளவாக்குக்குச் சின்ன உளி வரிசை மாதிரி பல் வேண்டும், அங்குலத்துக்கு ஐந்து, ஆறு இருந்தால் போதும். குறுக்குப் பல்லால் நீளவாக்கில் அறுத்தால் அரை நாள் ஆகத்தான் செய்யும். முக்கோண அரம் வாங்கி நீங்களே மாற்றித் தீட்டிக்கொள்ளலாம்.

தென்பெண்ணைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பர்கூர் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன், வீட்டிலும் படித்துக் காட்டினேன்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து ஓசூரிலேயே போய்ப் பார்த்தேன். பேரிங் நன்றாக இருக்கிறது, மோட்டாரிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தால், தகடு மாட்டும் கிளாம்பையே கிரைண்டர் வைத்து அறுத்து எடுத்திருக்கிறார்கள், வெட்டின இடம் இன்னும் பளபளவென்று தெரிகிறது. அகலமான பிளேடு போட இடைஞ்சலாக இருந்ததாம். கைடும் பின்னால் வரும்போது இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இழுக்கிறது. 12,000க்கு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ரம்பம் குறுக்குப் பல்தான், பார்த்துவிட்டேன். அடிமரத்தை அடுத்த வாரம் மில்லுக்கு ஏற்றுகிறேன். பலகை வந்ததும் எப்படி அடுக்குவது? எவ்வளவு நாள் காய வேண்டும்?

பர்கூர் பட்டறை

நல்ல முடிவு தம்பி. மில்லுக்கு ஏற்றும் முன்பே அடிமரத்தின் இரண்டு முனையிலும் பழைய பெயின்டையோ மெழுகையோ கெட்டியாகப் பூசிவிடுங்கள், முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போய் வெடிக்கும். மா மரத்தில் வண்டு சீக்கிரம் விழும், நீலக் கறையும் பிடிக்கும், அதனால் அறுத்த அன்றைக்கே போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரை எல்லாப் பக்கமும் பூசுங்கள். தரையில் படாமல், ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு, எல்லாத் துண்டும் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில். நிழல் வேண்டும், காற்று ஓட வேண்டும். மேலே கனமாக ஏதாவது ஏற்றுங்கள், உங்கள் பக்கம் உடைந்த கிரானைட் பலகைக்கா பஞ்சம். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அடுத்த சித்திரை வெயில் தாண்டட்டும், அப்போது ஒரு பலகையை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள், என் மிஷினில் தகடு போட்டே அறுத்துத் தருகிறேன்.