விளைவுமுரண்: 'சூழல் முரண்நகை'க்கு மாற்றாக ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கதைமாந்தர் ஒன்றை நினைத்துச் செய்ய, அதுவே நேர்மாறாக முடியும் உத்திக்கு (ஆங்கிலத்தில் situational irony) 'சூழல் முரண்நகை' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. 'முரண்நகை' பழகிய சொல்தான், பேச்சில் வரும் முரணுக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே வஞ்சப்புகழ்ச்சி அணியும் துணைக்கு இருக்கிறது. ஆனால் இந்த உத்திக்குச் 'சூழல்', சிரிப்பைக் குறிக்கும் 'நகை' இரண்டுமே ஒட்டவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884-இல் எழுதிய வைர அட்டிகைக் கதையை எடுத்துக்கொள்வோம். மத்தில்து ஒரு விருந்துக்காகத் தோழியிடம் அட்டிகையை இரவல் வாங்கித் தொலைத்துவிடுகிறாள். கணவனும் அவளும் விஷயத்தை மறைத்து, 36,000 பிராங்குக்கு அதே போல் ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். கடன் அடையப் பத்து ஆண்டுகள். பாத்திரம் தேய்த்து, மாடிக்குத் தண்ணீர் சுமந்து, அவள் அழகெல்லாம் போய்விடுகிறது. அப்புறம் ஒருநாள் தோழி சொல்கிறாள்: அது போலி, மிஞ்சிப் போனால் 500 பிராங்கு பெறும்.

இதில் முரண் சூழலிலா இருக்கிறது? மானம் காக்க மறைத்தாள், அந்த மறைப்பே அவளைச் சீரழித்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். முயற்சியும் அதன் விளைவும்தான் இங்கே மோதிக்கொள்கின்றன.

சிரிப்பு என்ற பொருளில் நகையும் இல்லை. தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்றும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்றும் நிலைக்களன், அதாவது அந்த உணர்வு பிறக்கும் இடம், வகுக்கிறது. மத்தில்துக்கு நேர்ந்தவை இழவும் வறுமையும். பேதைமையும் உண்டே என்று வாதிடலாம். ஆனாலும் படித்து முடிக்கையில் நெஞ்சு கனக்கிறதே தவிர, சிரிப்பு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே 'விளைவுமுரண்' என்று சேர்த்தே எழுதலாம் என்பது என் பரிந்துரை. மாணவர்கள் தற்செயலோடு இதைக் குழப்பிக்கொள்வதையும் இந்தச் சொல் தடுக்கும். குடை எடுக்காத நாளில் மழை வந்தால் அது தற்செயல். நனையக் கூடாதென்று ஒதுங்கிய கூரையே, தேங்கிய நீரோடு தலையில் சரிந்தால் விளைவுமுரண். இதே உத்திக்கு 'நிகழ்முரண்' என்ற இன்னொரு யோசனையும் உண்டு; அது சுருக்கமாக இருக்கிறது, சரி. ஆனால் அது தற்செயலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

'கதை விளைவுமுரணில் முடிகிறது', 'விளைவுமுரணான திருப்பம்' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், இயல்பாகவே வருகிறது. உங்கள் காதுக்கு உறுத்தினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். கதைமாந்தர் அறியாததை வாசகர் முன்பே அறிந்திருக்கும் வகை வேறு, அதற்குத் தனி இழை தொடங்கலாம்.