புடாபெஸ்ட் மூன்று நாள்: 38 யூரோ டிக்கெட்டில் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

காவிரிக்கரையான்:

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு மாதம் என்னோடு தங்க வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது. அம்மாவுக்கு 63, முழங்கால் வலி உண்டு. ஜெர்மனியைத் தவிர இன்னொரு ஊரையும் பார்க்கட்டுமே என்று போன வெள்ளி முதல் ஞாயிறு வரை ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போக வர ஆளுக்கு 38 யூரோ. "மலிவு டிக்கெட் கண்ணில் பட்டால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள்" என்று போன மாதம் இங்கே வழிப்போக்கன் எழுதியிருந்தார். அதை நம்பித்தான் போட்டேன்.

முதலில் பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் தக்காளித் தொக்கு போயிற்று. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று தெரியும், தொக்கும் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது போகட்டும். கேட்டில் எங்கள் முறை வந்தபோது, போர்டிங் பாஸில் முத்திரை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாதவர்கள் செக்-இன் கவுன்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி முத்திரை வாங்கி வர வேண்டுமாம். கவுன்டரோ சோதனைக்கு வெளியே இருக்கிறது. கேட் மூட 25 நிமிடம். மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். முத்திரை வாங்கி, மறுபடியும் சோதனை வரிசையில் நின்று, பெல்ட்டைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தால், அப்பா கேட் கதவுக்கு நேர் முன்னால் நிற்கிறார். "என் மகன் வந்துகொண்டிருக்கிறான்" என்று அங்கிருந்த பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அப்புறம் பை. அளவுப் பெட்டிக்குள் இரண்டு பைகள் இறங்கவில்லை. ஒரு பைக்கு 60 யூரோ, இரண்டுக்கு 120.

புடாபெஸ்டில் மெட்ரோவில் பரிசோதகர் பிடித்தார். 65 வயதுக்கு மேல் இலவசம் என்று நண்பர் சொன்னதை நம்பி அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அபராதம் ஏறக்குறைய 30 யூரோ. தங்கிய வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அங்கே பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் நடுவே அரைத்தளம் ஒன்று இருக்கிறது, அது மாடிக் கணக்கில் சேராது. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார்.

ஞாயிறு இரவு 8.50-க்கு இறங்க வேண்டிய விமானம் நள்ளிரவு தாண்டித்தான் வந்தது. 11.30-க்கே கடைசிப் பேருந்து போய்விட்டது. டாக்ஸிக்கு 130 யூரோ.

கணக்கு இது: டிக்கெட் 114, பை 120, விமான நிலையத்துக்குப் பேருந்து 90, அபராதம் 30, டாக்ஸி 130. மொத்தம் 484. எங்கள் ஊரிலிருந்தே கிளம்பும் வழக்கமான விமானத்தில், பை உட்பட மூன்று பேருக்கும் 465 காட்டியது. வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு இப்படிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வழிப்போக்கன்:

அப்பா அம்மா பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். ஆனால் பழியை டிக்கெட் மேல் போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் 484-இல் பை 120, அபராதம் 30. இந்த 150-ஐயும் வீட்டிலிருந்தே தவிர்த்திருக்கலாம். பையின் அளவு டிக்கெட் போடும்போதே திரையில் வருகிறது. ஒரு டேப் எடுத்து அளந்தால் முடிந்தது. பெரிய பைதான் வேண்டுமென்றால் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தால் கேட்டில் கொடுத்ததில் பாதிகூட ஆகியிருக்காது.

நான் மாஸ்டர்ஸ் படிக்கிறேன், வாரம் 20 மணி நேரம் கிடங்கில் வேலை. 465 யூரோ எனக்கு ஒரு மாத வாடகை. இந்த மலிவு விமானங்கள் இல்லையென்றால் பிராகாவும் போர்ட்டோவும் எனக்கு வரைபடத்தில் மட்டும்தான் இருந்திருக்கும். இரண்டு வருடத்தில் ஒன்பது ஊர் பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூட கேட்டில் பணம் கட்டியதில்லை. "போகாதீர்கள்" என்று நீங்கள் எழுதினால், புதிதாக வரும் பிள்ளைகள் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

பொன்னி:

வழிப்போக்கன், பை விஷயம் சரி. அந்த முத்திரையைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? அதுதானே அவர்களை அலைக்கழித்தது?

நான் டப்ளினில் செவிலியராக இருக்கிறேன். இங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த முத்திரை வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் தோழி போனைக் காட்டிவிட்டு நேராக கேட்டுக்குப் போகிறாள். நான் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கவுன்டரில் நிற்கிறேன். ஒரே விலை கொடுத்துத்தான் இருவரும் டிக்கெட் வாங்குகிறோம். போர்டிங் பாஸின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்த விதி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. முதல் முறை பறப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

ஊர்ப் பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. அம்மாவோடு பாரிஸ் போனபோது இறங்கியது போவே விமான நிலையத்தில். பெயரில் பாரிஸ் இருக்கிறது, நகரமோ 85 கி.மீ. தள்ளி. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் இன்னும் மோசம், ஏறக்குறைய 120 கி.மீ. சிதம்பரத்தில் இறக்கிவிட்டு இதுதான் தஞ்சாவூர் என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

வழிப்போக்கன்:

முத்திரை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். நான் கவனிக்காததற்குக் காரணம், எனக்கு அது பழகிவிட்டது. விமான நிலையம் போனதும் கால் தானாகக் கவுன்டருக்குப் போகும். புதியவர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. விசா இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனம் அபராதம் கட்டி அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் பார்க்கிறார்கள். போன வருடம் என் அறைத்தோழன் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு ஜெர்மன் குடியிருப்பு அட்டையை மட்டும் எடுத்துவந்தான். ஷெங்கனுக்குள், அதாவது எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஐரோப்பிய நாடுகளுக்குள், அந்த அட்டையோடு 180 நாளில் 90 நாள் வரை மற்ற நாடுகளில் சுற்றலாம், ஆனால் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். அவனை ஏற்றவில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். அதில் நிறுவனத்தின் தவறு எதுவும் இல்லை.

காவிரிக்கரையான்:

பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. கவுன்டரில் பார்ப்பதை கேட்டில் பார்த்தால் என்ன? அங்கேயும் ஆள் நிற்கிறார், அதே பாஸ்போர்ட்டைத்தான் வாங்கிப் பார்க்கிறார். ஒருவரைத் திரும்ப ஓட விடுவதால் யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஒன்பது ஊரும் உங்கள் இருபத்து நாலு வயதுக் காலில் பார்த்தவை. என் அம்மா கேட் முன்னால் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். உள்ளே மாத்திரை டப்பா, வெந்நீர் ஒத்தடப் பை, அப்பாவுக்கு மாற்று வேட்டி. எதை எடுத்தால் பை சின்னதாகும் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளேயே வைத்தார். அதில் ஒன்றுகூட விட்டுவிட்டு வரக்கூடிய சாமான் இல்லை. டேப்பால் அளந்திருக்கலாம், உண்மைதான். என் தவறு. ஆனால் அளந்திருந்தால் பெரிய பைக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்திருக்கும், அப்புறம் 38 யூரோ என்ற விலையும் இருந்திருக்காது. அந்த விலை ஒரு மாற்றுச் சட்டையோடு கிளம்புகிறவர்களுக்கானது.

நெய்தல்:

சட்டம் என்ன சொல்கிறது என்று இருவரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பை: 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு ஸ்பானிய வழக்கில், கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி, எடையும் அளவும் நியாயமான வரம்புக்குள் இருந்தால் அதற்குத் தனிக்கட்டணம் வாங்கக் கூடாது என்று சொன்னது. "நியாயமான" அளவு எது என்பதில்தான் இன்றுவரை இழுபறி. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு, கைப்பைக்குக் கட்டணம் வாங்கியது போன்ற காரணங்களுக்காக ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே "விதி எழுதியிருக்கிறது, நீதான் படிக்கவில்லை" என்று வழிப்போக்கன் சொல்வது பாதி உண்மைதான். அந்த விதி செல்லுமா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

தாமதம்: காவிரிக்கரையான், இதைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விமானப் பயணிகள் உரிமை ஒழுங்குமுறைப்படி 1500 கி.மீ.க்கு உட்பட்ட பயணத்தில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு. டிக்கெட் என்ன விலை, பாஸ்போர்ட் எந்த நாடு என்பதெல்லாம் கணக்கில்லை. மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவை காரணமென்றால் கிடைக்காது. சாதாரண இயந்திரக் கோளாறு பொதுவாக விதிவிலக்கில் வராது. போய்ச் சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரை தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் கதவு திறந்த நேரம். அதுவும் 2014-இல் வந்த தீர்ப்புதான். அந்த நேரம் உங்களுக்குத் தெரியுமா? தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள்? காத்திருந்தபோது சாப்பாடு கொடுத்தார்களா?

வழிப்போக்கன்:

750 யூரோ கிடைத்தால் பயணமே லாபம் ஆகிவிடும். அப்போதும் "போகாதீர்கள்" என்பீர்களா?

பொன்னி:

லாபமா? இரவு இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்த 63 வயது அம்மாவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். பணம் வரட்டும், நல்லது. முழங்காலுக்கு அது மருந்தாகுமா?

அதோடு மலிவு என்றாலே விமானம்தான் என்று ஏன் வைத்துக்கொள்கிறோம்? மூனிக்கிலிருந்து வியன்னா வழியாக புடாபெஸ்டுக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஏறக்குறைய ஏழு மணி நேரம். பையை யாரும் அளப்பதில்லை. தொக்கு பாட்டிலைத் திறந்து இட்லியோடு சாப்பிட்டுக்கொண்டே போகலாம். முன்கூட்டியே எடுத்தால் விலையும் அதிகமில்லை.

வழிப்போக்கன்:

ஏழு மணி நேரம் போக, ஏழு மணி நேரம் வர. வாரக் கடைசி மூன்று நாளில் ஒரு பகல் முழுக்க ரயிலிலேயே போய்விடும். வயதானவர்களுக்கு ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பது மட்டும் சுகமா? என் அப்பாவுக்கு முதுகுவலி. இங்கே வந்தால் அவரை விமானத்தில்தான் கூட்டிப் போவேன், பைக்கும் முன்கூட்டியே கட்டி, பகலில் இறங்கும் விமானமாகப் பார்த்து. ஆளுக்கு ஆள் மாறும் விஷயத்தை விதியாக்கக் கூடாது.

மெட்ரோ பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்டில் வயதானவர்களோடு போகிறவர்கள் ஒற்றைப் பயண டிக்கெட்டாக எடுக்காதீர்கள். எஸ்கலேட்டரில் இறங்கும் முன்பே அதை இயந்திரத்தில் பதிய வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான். 24 மணி நேர, 72 மணி நேரப் பாஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் போகும் 100இ பேருந்துக்கு மட்டும் தனி டிக்கெட் வேண்டும். ஏடிஎம்மில் "யூரோவில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் மறுத்துவிட்டு அந்நாட்டு நாணயமான ஃபோரின்ட்டையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்திலேயே கணிசமாகப் போய்விடும்.

காவிரிக்கரையான்:

இதெல்லாம் போன மாதப் பதிவிலேயே இருந்திருக்கலாம்.

ஊர் மேல் எனக்குக் குறை இல்லை. சனிக்கிழமை 2-ஆம் எண் ட்ராமில் டான்யூப் ஓரமாகவே போனோம், அம்மா உட்கார்ந்தபடியே பாதி நகரத்தைப் பார்த்தார். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கல்மேல் 60 ஜோடி இரும்புக் காலணிகள் வைத்திருக்கிறார்கள். 1944-45-இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களைச் சுட்டு ஆற்றில் தள்ளுவதற்கு முன்னால் காலணிகளைக் கழற்றச் சொன்னார்களாம். அதன் நினைவு. ஒரு குழந்தையின் காலணிக்குள் யாரோ ஒரு பூவை வைத்திருந்தார்கள். அம்மா என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். தன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றார். அந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. கூட்டிப் போன விதத்தில்தான் வருத்தம்.

நெய்தல், இயந்திரக் கோளாறு என்று அறிவிப்பில் சொன்னார்கள். சாப்பாடு கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நெய்தல்:

இந்தத் தூரத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலேயே உணவும் பானமும் கொடுத்திருக்க வேண்டும். நீங்களே வாங்கிச் சாப்பிட்டிருந்தால் ரசீதை இணையுங்கள். இழப்பீட்டை இடைத்தரகு இணையதளங்கள் வழியாகக் கேட்காதீர்கள், கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனத்தின் படிவத்தில் நேரடியாக எழுதுங்கள், மூன்று பேருக்கும் தனித்தனியாக. கதவு திறந்த நேரம்தான் முக்கியம்.

வழிப்போக்கன்:

என் போன மாதப் பதிவைத் திருத்திவிட்டேன். "யோசிக்காமல்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, முதல் வரியிலேயே முத்திரை விஷயத்தைப் போட்டிருக்கிறேன். பெற்றோரோடு போகக் கூடாது என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

காவிரிக்கரையான்:

நன்றி. நானும் அதை விடப்போவதில்லை.

நெய்தல், நேரத்தை நான் குறித்து வைக்கவில்லை. இன்று காலை அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். எழுந்து போய்த் தன் பாக்கெட் டைரியை எடுத்துவந்தார். பேருந்து ஏறியது, அபராத ரசீது எண், டாக்ஸி வாடகை என்று எல்லாம் நீல மையில் இருக்கிறது. ஞாயிறு பக்கத்தின் கீழே: "தரை இறங்கியது 12.09. கதவு திறந்தது 12.16." 3 மணி 26 நிமிடத் தாமதம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மூன்று படிவத்தோடும் இணைத்து அனுப்பிவிட்டேன்.