க்ரீன் பேங்க் போயிட்டு வந்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

வர்ஜீனியாவாசி:
போன அக்டோபர்ல வெஸ்ட் வர்ஜீனியா பக்கம் ஸ்னோஷூங்கற பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்குப் போற வழியில க்ரீன் பேங்க்ல நின்னோம். விண்வெளிலேர்ந்து வர ரேடியோ அலைய புடிக்கற பெரிய டெலஸ்கோப் இருக்கற ஊருதான், அதுக்கு இடைஞ்சல் வரக்கூடாதுன்னு செல்ஃபோன் டவரே கிடையாது, உங்களுக்கே தெரியும். கடைல சிப்ஸ் வாங்கிட்டு வெளிய வரோம், ஒரு வயசான அம்மா 20 அடி தள்ளியே நின்னுகிட்டு உங்க பையன் கைல இருக்கற வாட்ச்ச கொஞ்சம் ஆஃப் பண்ண முடியுமா, எனக்கு ஒத்துக்காதுன்னு தன்மையா கேக்கறாங்க. சிக்னல் பட்டா உடம்புக்கு முடியாம போகுதுன்னு ஊர விட்டு அங்க குடி வந்தவங்க இருக்காங்கள்ல, அதுல ஒருத்தங்க. நான் எங்க வீட்டுக்காரர பாத்து "லூசு போல"ன்னு சொல்லி சிரிச்சுட்டேன். பாஷை புரியாட்டி என்ன, சிரிப்பு புரியும்ல. கைல இருந்த பேப்பர் பைய நெஞ்சோட சேத்து புடிச்சுகிட்டு ரோட்டுக்கு அந்தாண்ட போயிட்டாங்க. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது அந்தப் பை.

ஃபிலிம்ரோல்:
நாங்க டெலஸ்கோப் பாக்க டூர் போனோம். டீசல் பஸ்லதான் கூட்டிட்டுப் போவாங்க, பெட்ரோல் வண்டில ஸ்பார்க் ப்ளக் அடிக்கற பொறியே டெலஸ்கோப்புக்கு ரேடியோ இரைச்சலாம். டிஜிட்டல் கேமராவும் கிட்ட கொண்டு போகக்கூடாது, அதனால அப்பாவோட பழைய ஃபிலிம் கேமராவ எடுத்துட்டுப் போனேன். 485 அடி உயரம்ங்க, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு அடுக்கி வச்சாலும் எட்டாது, தட்டு மட்டும் 2 ஏக்கருக்கு மேல. பாத்துட்டே இருக்கேன், அவ்ளோ பெருசு அப்படியே மெதுவா திரும்புது. கேமராவ தூக்கறேன், 36-ம் முடிஞ்சு போச்சு. மாடு, கொட்டாய், கோழின்னு வழில எடுத்தே தீத்துட்டேன்.

அறிவியல்சாமி:
வர்ஜீனியாவாசி, இதுக்கெல்லாம் எதுக்கு குற்ற உணர்ச்சி? இந்த உபாதைக்கும் அலைக்கும் சம்பந்தம் இருக்குன்னு அறிவியல் ஆதாரம் இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2005லயே சொல்லிடுச்சு. அப்புறம் அந்த ஊர்ல வைஃபையே இல்லங்கறதும் கதை. நான் தங்குன எடத்துல ஃபோன தொறந்தா அக்கம்பக்கத்து வைஃபை பேரா வரிசையா வருது. டெலஸ்கோப்புக்கு இடைஞ்சலா சிக்னல் விடக்கூடாதுன்னு சட்டம் 1956லேர்ந்து இருக்கு, யாரு கேக்கறா.

மழைக்குருவி:
சாமி, அதே அறிக்கைல அவங்க படற கஷ்டம் நிஜம்னும் போட்டிருக்கு, அந்த வரிய மட்டும் விட்டுட்டீங்களே.

தென்காசிக்காரன்:
நானும் போயிருக்கேன். அங்க காசு போட்டு பேசற ஃபோன் இருந்துச்சு, ஆசையா காச போட்டுட்டு நிக்கறேன், பொண்டாட்டி நம்பர் கூட மனப்பாடமா தெரியல, அவ்ளோதான் என் கதை. இனிமே போறவங்க கேட்டுக்கோங்க. மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க, ஜிபிஎஸ்ஸுக்கு செல் டவர் தேவையில்ல, அது பாட்டுக்கு வேலை செய்யும், ஆனா மேப் உள்ள இருந்தாதான் பிரயோஜனம். பேப்பர் மேப் ஒண்ணும் கார்ல போடுங்க. பெட்ரோல் ஃபுல் பண்ணாம மலை ஏறாதீங்க. பொழுது சாஞ்சா மான் குறுக்க பாயும், மெதுவா ஓட்டுங்க. எத்தன மணிக்கு திரும்புவீங்கன்னு வீட்ல சொல்லிட்டுப் போங்க, இல்லன்னா என் மச்சினன் மாதிரி போலீஸ் வரைக்கும் போயிடுவாங்க. பக்கத்துல காஸ்னு ஒரு ஊரு, பழைய மரம் அறுக்கற கம்பெனி ஊரு, அங்க நிலக்கரில ஓடற நீராவி ரயில் மலை ஏறும், அத விட்டுடாதீங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. தயிர் சாதம் கட்டிக்கோங்க, சைவத்துக்கு அங்க ஒண்ணும் பெருசா கிடைக்காது.

வர்ஜீனியாவாசி:
தயிர் சாதம் எடுத்துட்டுத்தான் போனோம் அண்ணா. சாமி, ஆதாரம் இல்லங்கறது எனக்கும் தெரியும், நான் சொல்ல வந்தது அது இல்ல. கார்ல ஏறினதும் பையன் வாட்ச்ச கழட்டி டேஷ்போர்டுல வச்சுட்டான். அவன் இங்கயே பொறந்தவன். கொஞ்ச தூரம் போனதும் கேக்கறான், "லூஸ்னா கழண்டு போனதுதானேம்மா, அவங்களுக்கு என்ன கழண்டு போச்சு?"