வங்கியில பேப்பரில சுத்தின காசுக் குத்தி, பிரிக்காத ரோல் எண்டு விக்கிற ஆக்களிட்ட மாட்டுப்பட்ட கதை இருந்தா எழுதுங்கோ

கரடிப்போக்கு:
ஒரு வருசமாகியும் மனசுக்குள்ள கிடந்து அரிக்குது, அதால நானே தொடங்கிறன். அப்பா சேர்த்த காசுப் பேணி 2009 இடம்பெயர்வில எங்கயோ போட்டுது. பூவிதழ் மாதிரி விளிம்பு வளைஞ்ச 1944 இரண்டு சதம் ஒண்டு அதுக்குள்ள இருந்தது மட்டும் ஞாபகம். வேலைக்குப் போகத் தொடங்கினாப் பிறகு நானும் சேர்க்கிறன். கனடா ஸ்கார்பரோவில இருக்கிற சித்தப்பா "என்ன பிள்ளை வேணும்" எண்டு கேக்க, அமெரிக்க ஏலத் தளமொண்டில கிடந்த வீற் பென்னி (கோதுமைக் கதிர் போட்ட பழைய ஒரு சதக் குத்தி) ரோலைக் காட்டினன். ஐம்பது குத்தி. பாட்டனார் வீட்டில கிடந்ததாம், ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கேல்லயாம். ஒரு நுனியில மேர்க்கரி டைம், பழைய பத்துச் சத வெள்ளிக் குத்தி. மற்ற நுனியில கோதுமைக் கதிர்.

சித்தப்பா ஊருக்கு வரேக்க கையோட கொண்டு வந்தவர். சுளகில கொட்டினன். டைம் உண்மையான டைம்தான். மிச்சம் நாற்பத்தொன்பதும் நாற்பதுகள், ஐம்பதுகளில அடிச்சது, தேஞ்சது, அங்க நிறுத்து விக்கிற வகை. அது போகட்டும். அம்மா அந்தச் சுத்தின பேப்பரை எடுத்து மணந்து பாத்தா. முறிகண்டியில தேத்தண்ணிக் கடை வச்சிருந்தவ. "இது தேயிலைச் சாயமெல்லோ பிள்ளை" எண்டா. பழசு மாதிரித் தெரியவேணுமெண்டு பேப்பரைச் சாயத்தில தோய்ச்சுக் காயவிட்டிருக்கினம். சித்தப்பா பக்கத்துக் கதிரையில இருக்கிறார். அவற்ற முகத்தை என்னால நிமிர்ந்து பாக்க ஏலாமப் போச்சு.

மாங்குளம் வாத்தியார்:
தங்கச்சி, உங்களுக்கு அமெரிக்காக்காரன், எனக்கு எங்கட நாட்டு ஆள்தான். 2013 எண்டு போட்டு 25 மாவட்டத்துக்கும் மத்திய வங்கி விட்ட பத்து ரூபாக் குத்தி தெரியும்தானே. முழுக்க முல்லைத்தீவு, வங்கியில சுத்தினது சுத்தினபடி எண்டு ஒருத்தர் விளம்பரம் போட்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையளுக்கு ஆளுக்கொண்டு குடுப்பமெண்டு ஆசை. எங்கட மாவட்டத்தின்ர பேர் பதிஞ்ச குத்தி, வச்சிருக்கட்டும் எண்டுதான். காசைக் குடுத்தாப் பிறகுதான் பிரிக்கலாம் எண்டார் கூரியர் தம்பி. ரெண்டு நுனியிலயும் முல்லைத்தீவு தெரிஞ்சுது, நம்பிக் குடுத்தன்.

வகுப்பிலதான் பிரிச்சன். முதல் பிள்ளைக்குக் குடுத்தன், கைதட்டினதுகள். ரெண்டாவது பிள்ளை உள்ளங்கையை விரிச்சுப் பாத்துப்போட்டு, "சேர், எனக்குச் சும்மா பத்து ரூபா வந்திருக்கு" எண்டுது. மிச்சமும் அப்பிடித்தான், கடைசிக் குத்தியைத் தவிர. அந்தப் பிள்ளை அதைத் திருப்பி மேசையில வச்ச விதம் இப்பவும் கண்ணுக்க நிக்குது. பொருளை மட்டுமில்ல, என்னையும் எல்லோ பொய்யனாக்கிப்போட்டான்.

சில்லறைப்பை:
எனக்கு நடந்தது சின்ன விசயம். ரெண்டாயிரம் ரூபா போச்சு, அவ்வளவுதான். ஆனா கரடிப்போக்கு அக்கா எழுதினதில எனக்கு உடன்பாடில்லை. அந்த டைமைக் கண்ட உடனேயே விளங்கியிருக்க வேணும். டைம் 17.9 மில்லிமீற்றர், பென்னி 19.05. பத்துச் சதக் குத்தியை எந்த வங்கி ஒரு சத ரோலுக்குள்ள வச்சுச் சுத்தும்? யாரோ கையால வச்சால்தான் அது நுனியில வந்து நிக்கும். பிரிக்காத ரோல் எண்டு சொன்ன வாயாலயே, பிரிச்சது நான்தான் எண்டு சொல்லுறான்.

இனி வேண்டிற ஆக்களுக்குச் சொல்லுறன். முதல்ல நிறை கேளுங்கோ. பழைய செம்புப் பென்னி 3.11 கிராம், ஐம்பதுக்கு 155.5 வரவேணும். 1982இல துத்தநாகத்துக்கு மாறினாப் பிறகு 2.5 கிராம், ரோல் 125தான். குவாட்டர், அதாவது இருபத்தஞ்சு சதக் குத்தி, ரோலுக்கு நாற்பது. 1964 வரைக்கும் தொண்ணூறு வீதம் வெள்ளி, அது 250 கிராம்; அதுக்குப் பிறகு வந்தது 227 கூட வராது. பக்கவாட்டில செம்புக் கோடு தெரிஞ்சால் வெள்ளி இல்லை. எங்கட ஐந்து ரூபாவுக்குக் காந்தம் காணும்: 2005இல இருந்து உருக்கில முலாம் பூசி வந்தது பிடிக்கும், அதுக்கு முந்தின பித்தளை பிடிக்காது. விக்கிற ஆளின்ர மற்ற விளம்பரங்களையும் தட்டிப் பாருங்கோ. பாட்டனார் விட்டுப்போன ரோல் ஒண்டு ரெண்டு இருக்கலாம். கிழமைக்கு நாற்பது விக்கிறவனுக்கு எத்தினை பாட்டனார்? நுனி மடிப்பு இறுக்கமாக் கிடக்கு எண்டும் நம்பாதேங்கோ, அதை மடிக்கிற மெசின் ஆரும் வேண்டலாம்.

நெடுங்கேணி:
சில்லறைப்பை அண்ணா, கோவிக்காதேங்கோ. நல்ல பென்னிக்கும் தேஞ்ச பென்னிக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறைதானே? வீற் பென்னியில 1943 உருக்குப் பென்னியைத் தவிர மற்றதெல்லாம் தராசுக்கு ஒண்டுதான். அக்காவுக்கு உங்கட தராசு என்ன செய்திருக்கும்? சேருக்கும் அதே கதை. வழமைப் பத்து ரூபாவும் மாவட்டப் பத்து ரூபாவும் அதே பதினொரு பக்கம், அதே அளவு, அதே உருக்கு. நிறையுமில்லை, காந்தமுமில்லை. மாட்டுப்பட்ட ஆளைப் பாத்து உனக்கு விளங்கியிருக்க வேணும் எண்டு சொல்லுறது சரியில்லை அண்ணா. விக்கிறவனுக்கும் அது விளங்கும், அதுக்காகத்தான் நுனியை அவ்வளவு வடிவா வைக்கிறான்.

என்ர கதை இது. 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா, வெள்ளி, பத்துக் குத்தி ஒரு ரோலெண்டு போட்டிருந்தவ. படத்தில ரோலைப் பிடிச்சிருக்கிற பெருவிரல், நகத்தில மருதோண்டி பாதி அழிஞ்சு கிடக்கு. "வீட்டுக் கஷ்டம் அக்கா, அம்மாவின்ர மருந்துக்கு" எண்டு எழுதினா. வங்கிக்குப் போக வெளிக்கிட்டு, பஸ்ஸுக்கு நிக்கேக்க போனைத் தட்டினால் வேறொரு ஆளின்ர விளம்பரம், ஆம்பிளைப் பேர், கண்டியாம். அதே பெருவிரல். அதே பாதி அழிஞ்ச மருதோண்டி. இண்டையத் திகதியை ஒரு கடுதாசியில எழுதி, ரோலுக்குப் பக்கத்தில வச்சு ஒரு படம் அனுப்புங்கோ எண்டு ரெண்டு பேரிட்டயும் கேட்டன். ரெண்டு பேரும் ஒரே நிமிசத்தில என்னை புளொக் பண்ணிச்சினம். காசு தப்பிச்சுது. ஆனா அம்மாவின்ர மருந்து எண்டதை நான் நம்பினன். அதுதான் இன்னும் சுடுது.

சில்லறைப்பை:
பென்னி விசயத்தில நீங்கள் சொல்லுறது சரி தங்கச்சி. வெள்ளிக்கு என்ர கணக்குப் பிழைக்காது. 1957 ஐந்து ரூபா ஒண்டு 28.28 கிராம், பத்தும் கிட்டத்தட்ட 283. நேரில வேண்டினால் தராசைக் கொண்டு போங்கோ. அக்கா, நான் எழுதின விதம் பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

கரடிப்போக்கு:
பரவாயில்லை அண்ணா. சித்தப்பாவுக்கு டைம் உண்மை எண்டு மட்டும் சொன்னன். அவர் போகேக்க "அடுத்த முறை வேற ரோல் பாப்பம்" எண்டார். ஓம் எண்டன்.

மாங்குளம் வாத்தியார்:
இண்டைக்குக் காலமை பாத்தன். அதே நீலப்பூப் போட்ட மேசைவிரிப்பு, அதே ரோல் பேப்பர், ஆள் பேர் வேற. இந்த முறை ரெண்டு நுனியிலயும் கிளிநொச்சி. கீழ எழுதிப் பாத்தன், அஞ்சு நிமிசத்தில அழிச்சுப்போட்டான். கரடிப்போக்குத் தங்கச்சி, கண்ணில பட்டால் வேண்டிப்போடாதேங்கோ.